கணக்கு எண், டெபாசிட், செக்: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் வீடுகளில் பீரோவைத் திறந்தால் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பாஸ்புக்குகள் இருக்கும். கூடவே ஒரு செக் புக்கும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம், மகளின் நிக்காஹ்வுக்கென்று சேர்ப்பது, வீட்டு வாடகை, மதரஸா சந்தா எல்லாமே இன்று அந்தப் புத்தகங்கள் வழியாகத்தான் நடக்கின்றன. ஆனால் அதில் அச்சிட்டிருக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன, செக்கில் போடும் கையெழுத்து நம்மை எதற்குப் பொறுப்பாக்குகிறது என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு. ‘பேங்க்ல கேட்டா சொல்வாங்க’ என்று விட்டுவிடுகிறோம்.

ஜமாஅத்துக்கு வரும் கொடுக்கல் வாங்கல் பஞ்சாயத்துகளில் செக் சம்பந்தப்படாத வழக்கு இப்போது அபூர்வமாகிவிட்டது. இரு தரப்பாரும் நல்லவர்களாக இருப்பார்கள். ஒருவர் ‘நம்பிக்கைக்குத்தான் கொடுத்தேன்’ என்பார். மற்றவர் ‘கையெழுத்து அவருடையதுதானே’ என்பார். இங்கேதான் சிக்கல். வங்கிக்கு நம் நிய்யத் தெரியாது. அது பார்ப்பது எண்ணையும் கையெழுத்தையும் மட்டுமே.

கணக்கு எண்

கணக்கு எண் இத்தனை இலக்கம் இருக்க வேண்டும் என்று இந்தியாவில் பொதுவான அளவு கிடையாது. ஸ்டேட் வங்கியில் 11 இலக்கம், ஐசிஐசிஐ வங்கியில் 12, எச்டிஎஃப்சி வங்கியில் 14, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15. சில வங்கிகளில் முதல் நான்கு இலக்கங்கள் கணக்குத் தொடங்கிய கிளையைக் குறிக்கும். சில வங்கிகளில் அப்படி எதுவும் இல்லை, அது வெறும் வரிசை எண்தான். எனவே எண்ணைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கும் வேலை எல்லா இடத்திலும் பலிக்காது.

ஊரையும் வங்கியையும் சொல்வது ஐ.எஃப்.எஸ்.சி. கோடு. அதில் மொத்தம் 11 எழுத்துகளும் எண்களும் உண்டு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியின் அடையாளம். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், அதை ஆங்கில ‘ஓ’ என்று நினைத்து டைப் செய்பவர்கள் ஏராளம். கடைசி ஆறு கிளையைக் குறிப்பவை. வங்கிகள் ஒன்றோடொன்று இணையும்போது இந்தக் கோடு மாறும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும் இணைந்த பிறகு பழைய கோடுகளும் பழைய செக் புக்குகளும் படிப்படியாகச் செல்லாமல் போயின. பீரோவில் இருக்கும் செக் புக் எந்த வங்கியின் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சவூதியிலும் அமீரகத்திலும் இருக்கும் நம் சகோதரர்களுக்கு ஐபான் எண் பழக்கமானது. சவூதியில் அது 24 இடங்கள் கொண்டது, அமீரகத்தில் 23. நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளுக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் சோதனைக்காக வைக்கப்பட்டவை. மீதி எண்களை 97-ஆல் வகுத்துச் சரிபார்க்கும் ஒரு கணக்கு அதற்குள் இருக்கிறது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் கணினி அங்கேயே ‘தவறான எண்’ என்று நிறுத்திவிடும். இந்தியாவில் ஐபான் முறை இல்லை. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சோதனை இலக்கமும் இல்லை. நாம் தவறாக அடித்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்ச் சேரும். அங்கே ஐபானில் பழகியவர்கள் ‘தப்பா இருந்தா மெஷின் சொல்லிடும்’ என்ற நினைப்பில் ஊருக்கு அனுப்பும்போது அசந்துவிடுகிறார்கள்.

பெயர் சரியாகத்தானே எழுதினோம் என்று சொல்லிப் பயனில்லை. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை வைத்துத்தான். பெயர் பொருந்துகிறதா என்று பார்த்து வரவு வைக்கும் கடமை பெறும் வங்கிக்கு இல்லை என்பது ரிசர்வ் வங்கி நெடுநாளாகச் சொல்லிவரும் விதி. இதனால் பட்ட அவதிகள் அதிகமானதால், அனுப்பும் முன்பே அந்த எண்ணுக்குரியவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் ஏற்படுத்த வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. அந்தப் பெயரைப் படிக்காமல் ‘ஓகே’ அழுத்துவது கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடப்பது போலத்தான். புதியவருக்கு முதல்முறை அனுப்பும்போது ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்பும் பழக்கம் நம் வியாபாரிகள் சிலரிடம் இருக்கிறது. நல்ல பழக்கம்.

தவறான கணக்குக்குப் போய்விட்டால் பரிவர்த்தனை எண்ணுடன் அன்றே நம் வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெற்றவரின் சம்மதம் இல்லாமல் வங்கி அவர் கணக்கிலிருந்து தானாக எடுத்துத் தராது. அதனால்தான் நாள் கடத்தக் கூடாது. முப்பது நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். நம் கணக்கில் யாருடைய பணமோ வந்து விழுந்தால் அது நமக்கு ஹலால் ஆகிவிடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகளிடம் ‘உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று கேட்கும் கூட்டம் பெருகியிருக்கிறது. இணைய மோசடியில் பறித்த பணத்தைக் கைமாற்றுவதற்குத்தான் அந்தக் கணக்கு. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். பிள்ளைகளிடம் இதை உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

டெபாசிட் அமானிதமா, கடனா?

வங்கியில் போட்ட பணத்தை நம் மக்கள் அமானிதம் என்றே நினைக்கிறார்கள். நாம் கொடுத்த நோட்டு அப்படியே ஒரு பெட்டியில் இருப்பது போல ஒரு நினைப்பு. லாக்கரில் வைத்த நகைக்கு அது ஓரளவு பொருந்தும், கணக்கில் போட்ட பணத்துக்குப் பொருந்தாது. போட்ட அந்த நிமிடமே பணம் வங்கியின் பணமாகிவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது ‘இவ்வளவு தொகையை இவருக்குத் திருப்பித் தர வேண்டும்’ என்ற கடன்பாடு மட்டும். 1848-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஃபோலி எதிர் ஹில் வழக்கில் இதைத்தான் சொன்னது. வங்கி கடனாளி, டெபாசிட் செய்தவர் கடன் கொடுத்தவர். இன்று நம் நாட்டு வங்கிச் சட்டமும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

இந்த வேறுபாடு நம் முன்னோருக்குப் புதியதல்ல. ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அவர்களோ அமானிதமாக வேண்டாம், கடனாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்குவார்கள். அமானிதம் தம் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்தால் ஈடு கிடையாது, கொடுத்தவருக்கு நஷ்டம். கடனாக இருந்தால் எந்த நிலையிலும் திருப்பித் தர வேண்டும். கொடுத்தவரின் பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற அச்சத்தில் செய்தது அது. அவர்கள் ஷஹீதான பிறகு மகனார் அப்துல்லாஹ் (ரலி) கணக்கிட்டபோது கடன் 22 லட்சம் இருந்தது. நிலத்தை விற்று அனைத்தையும் அடைத்தார்கள். அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் ‘என் தந்தையிடம் கடன் வர வேண்டியவர் உண்டா’ என்று அறிவித்த பின்னரே வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இந்தச் செய்தி விரிவாக வருகிறது.

வங்கி நமக்குக் கடனாளி என்றால் அந்தக் கடனாளிக்கே கையில் இல்லாமல் போனால் என்ன ஆகும்? கரூரில் 1926-ல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பத்து நாட்கள் மறந்திருக்காது. 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. 27-ஆம் தேதி டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டு, டெபாசிட்தாரர்களின் பணம் முழுவதும் தப்பியது. எல்லா வங்கிக்கும் இப்படி ஒரு கை நீளும் என்று சொல்ல முடியாது.

அதற்காகத்தான் டெபாசிட் காப்பீடு இருக்கிறது. 2020 பிப்ரவரி 4 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நாம் எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை, வங்கியே கட்டுகிறது. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் சேர்த்து 5 லட்சம்தான். வேறு வேறு வங்கிகளில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உண்டு. வீடு விற்ற பணம், ஓய்வு பெற்ற பணம் என்று பெரிய தொகை கைக்கு வந்தவர்கள் இதை யோசித்துப் போட வேண்டும்.

இந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டும். சீட்டுக் கம்பெனிக்கு இல்லை, நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கு இல்லை, ‘ஹலால் முதலீடு’ என்று தாடியும் தொப்பியுமாக வந்து வாங்கிப் போகிறவர்களுக்கும் இல்லை. 2019-ல் பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். அவர்களிடம் பணம் வாங்கியது டெபாசிட்டாக அல்ல, தொழிலில் கூட்டாளி என்று எழுதி. கூட்டாளிக்கு எந்தக் காப்பீட்டுக் கழகமும் பணம் தராது. வாங்கும் ரசீதில் ‘டெபாசிட்’ என்று இருக்கிறதா, ‘பங்குதாரர்’ என்று இருக்கிறதா என்று படித்திருந்தாலே கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருக்கும்.

வட்டி பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேமிப்புக் கணக்கில் தினசரி இருப்பை வைத்து வட்டி கணக்கிடப்பட்டு, பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு வைக்கப்படும். பாஸ்புக்கில் அது தனி வரியாக வரும். அந்த வரிகளைக் கூட்டி, சொந்தச் செலவில் கலக்காமல், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது உலமாக்கள் பலரின் வழிகாட்டல். அதைச் செய்ய முதலில் பாஸ்புக்கை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அச்சிடாமல் வைத்திருந்தால் எவ்வளவு என்றே தெரியாது. கரண்ட் கணக்கில் வட்டி வராது. ஆனால் பல வங்கிகள் அதில் பெரிய தொகையைக் குறைந்தபட்ச இருப்பாகக் கேட்கும்.

செக் என்பது ஓர் உத்தரவு

வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது. நாம் மளிகைக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ‘எனக்குத் தர வேண்டியதிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடு’ என்று வங்கிக்கு எழுதும் உத்தரவுதான் செக். ஃபிக்ஹ் நூல்களில் ஹவாலா என்று வரும் பாடத்துக்கு மிக நெருக்கமானது இது. போலீஸ் செய்திகளில் அடிபடும் ஹவாலா வேறு. ‘ஸக்’ என்ற பெயரில் எழுத்துப் பத்திரங்கள் முஸ்லிம் வணிகர்களிடையே புழங்கியிருக்கின்றன. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், 42,000 தீனாருக்கான ஒரு ஸக்கைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ‘செக்’ என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்போர் உண்டு, மொழி ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது கிடக்கட்டும்.

செக்கின் அடியில் விசித்திரமான வடிவில் எண்கள் அச்சாகியிருக்கும். காந்தத் தன்மையுள்ள மையில் அச்சிட்டவை அவை. முதல் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பது எம்.ஐ.சி.ஆர். கோடு. அதில் முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. ஊர் எண் தபால் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம்தான், சென்னை என்றால் 600. அந்த வரியின் மேல் கையெழுத்தோ சீலோ படக் கூடாது.

செக் இப்போது ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை. நாம் போட்ட வங்கியிலேயே அது நின்றுவிடுகிறது, அதன் படம் மட்டும் மற்ற வங்கிக்குப் போகிறது. 2025 அக்டோபர் 4 முதல் அந்தப் படங்கள் தொடர்ச்சியாக அனுப்பப்படுகின்றன. பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சம்மதமோ மறுப்போ சொல்ல வேண்டும். ‘இன்னிக்கு செக் குடுத்தா பாஸ் ஆக ரெண்டு நாளாகும், அதுக்குள்ள பணத்தைப் போட்டுக்கலாம்’ என்று கணக்குப் போடும் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு நாள் இனி இல்லை.

எழுதும் முறையில் சில விஷயங்கள். இடது மேல் மூலையில் இரண்டு கோடு போட்டு ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதினால் பணம் பெயருக்குரியவரின் கணக்கில்தான் விழும், கவுண்டரில் ரொக்கமாகக் கிடைக்காது. எழுத்தில் ஒரு தொகையும் எண்ணில் வேறு தொகையும் இருந்தால் சட்டப்படி எழுத்தில் உள்ளதே செல்லும், ஆனால் நடைமுறையில் வங்கி திருப்பிவிடுவதுதான் வழக்கம். பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்தி பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கம் இப்போது செல்லாது. புதுச் செக் எழுத வேண்டும். தேதியிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள், ஆறு மாதம் என்பது 2012 ஏப்ரலோடு போயிற்று. தமிழிலும் செக் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலம் வராத தாய்மார்கள் பிறரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லும் அவசியம் இல்லை.

பூர்த்தி செய்யாத செக்

நம் ஊர்களில் கைமாற்று வாங்கினாலும், கடைக்குச் சரக்கு எடுத்தாலும், வாடகைக்குக் கடை பிடித்தாலும் ‘ரெண்டு பிளாங்க் செக் குடுங்க’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தொகை, பெயர், தேதி எதுவும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கிறோம். பிறகு பிரச்சினை வரும்போது ‘நான் எதுவும் எழுதவில்லையே, கையெழுத்து மட்டும்தானே போட்டேன்’ என்கிறோம்.

சட்டம் அதைக் கேட்காது. கையெழுத்திட்ட வெற்றுச் செக்கை விருப்பத்துடன் கொடுத்து, வேறொருவர் அதைப் பூர்த்தி செய்திருந்தாலும், கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிக் கடன் இல்லை, அல்லது அவ்வளவு இல்லை என்று காட்ட வேண்டியது கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பு. பணம் இல்லாமல் செக் திரும்பினால் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கணக்கை மூடிவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கணக்கு மூடப்பட்டதால் செக் திரும்பினாலும் இதே குற்றம்தான் என்று 1999-லேயே தீர்ப்பாகிவிட்டது.

செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் வர வேண்டியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை. இந்தப் பதினைந்து நாட்கள்தான் மிக முக்கியம். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் வழக்கு வராது என்று நினைத்து அந்த நாட்களை வீணாக்குபவர்கள் பலர். சமாதானம் பேச ஜமாஅத்துக்கு வருவதாக இருந்தால் அந்த நாட்களுக்குள் வாருங்கள். கோர்ட்டில் நம்பர் ஆன பிறகு வந்தால் எங்களால் பேச முடியும், ஆனால் பேச்சின் விலை கூடியிருக்கும்.

இதில் அதிகம் வேதனை தருவது தாய்மார்களின் நிலை. மகன் வியாபாரம் செய்வான், அவன் பெயரில் செக் புக் இருக்காது. ‘உம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்பான். உம்மாவும் போட்டுவிடுவார். நோட்டீஸ் வருவது, சம்மன் வருவது எல்லாம் உம்மா பெயருக்குத்தான். கூட்டுக் கணக்காக இருந்தாலும் குற்றவியல் பொறுப்பு செக்கில் கையெழுத்திட்டவரையே சேரும். இத்தா இருக்கும் பெண்ணைத் தேடிக்கூட சம்மன் வரும். மகன்மார்களே, வியாபாரம் உங்களுடையது என்றால் செக்கும் உங்களுடையதாக இருக்கட்டும்.

உத்தரவாதத்துக்குச் செக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பெயரையும் தொகையையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு தாளில் இன்ன செக் எண், இன்ன கடனுக்கு உத்தரவாதமாகக் கொடுக்கப்பட்டது, அடைத்ததும் திருப்பித் தரப்படும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருந்தால் இன்னும் நல்லது. கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சிகளை வையுங்கள் என்று குர்ஆனின் மிக நீளமான வசனம் நமக்குக் கட்டளையிட்டிருக்க, அதை விட்டுவிட்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம். கடனைத் தவணையாக அடைப்பவர்கள் ரொக்கமாகக் கொடுக்காமல் கணக்கு வழியாகக் கொடுத்தால் அதுவே ஆதாரம். முழுவதும் அடைத்த அன்றே செக்கைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட வேண்டும். ‘எங்க வச்சேன்னு தெரியலை, அப்புறம் தரேன்’ என்றால் ‘கடன் தீர்ந்தது’ என்று எழுதியாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நாமினி யார்?

கடைசியாக, நாமினி. கணக்குத் தொடங்கும்போது அவசரத்தில் ஒரு பெயரை எழுதிவிடுகிறோம். வாப்பா வஃபாத் ஆன பிறகு அந்தப் பெயருக்குரியவர் முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, ‘என் பெயரைத்தானே வாப்பா எழுதினாங்க’ என்கிறார். சகோதரிகள் வாய் திறப்பதில்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே, அந்தப் பணம் சட்டப்படியான வாரிசுகள் அனைவருக்கும் உரியது என்று 2010-ல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஷரீஅத்தில் இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. கடனும் வஸிய்யத்தும் போக மீதி வாரிசுகளின் பங்கு.

2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினிகள் வரை சதவீதத்துடன் எழுதலாம். அதில் எழுதும் சதவீதம் வங்கி பணத்தைக் கொடுப்பதற்கான அளவு, அதனால் ஃபராயிள் பங்கு மாறிவிடாது.

பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். ஆனாலும் வாரிசுகளின் உரிமை போய்விடாது. தாத்தா எந்த வங்கியில் போட்டிருந்தார் என்று தெரியாதவர்கள் ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்தில் அவர் பெயரைக் கொடுத்து, பல வங்கிகளில் ஒரே நேரத்தில் தேடலாம். கணக்கு இருப்பது தெரிந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்த வங்கிக் கிளைக்கு.